கேப்டன் கிட் புதையல்: 1699-லேயே தோண்டி எடுத்தாச்சு... அப்புறம் ஏன் இன்னும் தேடுறாங்க?

புதையல் என்றதும் மனசுல ஒரு படம் வரும். ஆளில்லாத தீவு, இரும்புப் பட்டை அடித்த மரப்பெட்டி, பழுப்பேறிய வரைபடம், அதில் ஒரு பெருக்கல் குறி. உண்மையில் கடற்கொள்ளையர்கள் புதையல் புதைத்தது ரொம்பவே அபூர்வம். கிடைத்ததை அங்கேயே பங்கு போட்டு, அடுத்த துறைமுகத்தில் குடித்தும் சூதாடியும் தீர்த்துவிடுவதுதான் அவர்கள் வழக்கம்.

அப்போ இந்தப் படம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் ஒரே ஒரு மனிதரின் கதையிலிருந்து. அவர் பெயர் வில்லியம் கிட். 1701-ம் ஆண்டு மே 23-ம் தேதி லண்டனில் தூக்கிலிடப்பட்டவர். அவர் விட்டுப்போனதாகச் சொல்லப்படும் புதையலைத் தேடி கனடாவிலிருந்து வியட்நாம் வரை போயிருக்கிறார்கள். இத்தனைக்கும் அந்தப் புதையலின் பெரும்பகுதி நம்ம இந்தியாவில் கப்பலேறிய சரக்கு. அது பறிபோன இடம் கொச்சிக்கு அருகே உள்ள கடல்.

யார் இந்த கிட்? அவர் நிஜமாகவே கொள்ளையரா? புதையல் கடைசியில் என்னதான் ஆச்சு?

நியூயார்க்கின் பெரிய மனுஷன்

கிட் ஸ்காட்லாந்துக்காரர். பிறந்தது 1650-களின் நடுவில். இளமைக் காலத்தைப் பற்றிப் பெரிதாகப் பதிவுகள் இல்லை. 1689-ல்தான் வரலாற்றில் தெளிவாகத் தலைகாட்டுகிறார். அப்போது அவர் கரீபியன் கடலில், பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் கலந்திருந்த ஒரு கப்பலில் இருந்தார். இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் போர் மூண்டதும் ஆங்கிலேயர்கள் அந்தக் கப்பலைக் கைப்பற்றி நெவிஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள். கேப்டன் ஆனவர் கிட்.

அந்தப் பதவி அதிக நாள் நிலைக்கவில்லை. 1690-ல் அவர் கரையில் இருந்த நேரம் பார்த்து, சொந்தக் கப்பல் ஆட்களே கப்பலை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதில் முக்கியமானவர் ராபர்ட் கல்லிஃபோர்ட். இந்தப் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னால் மறுபடி வருவார்.

அடுத்த ஆண்டு கிட் நியூயார்க்கில் செட்டில் ஆனார். 1691 மே மாதம் சாரா என்ற பணக்காரப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். சாராவின் முந்தைய கணவர் இறந்து சில நாள்கள்கூட ஆகியிருக்கவில்லை என்பதால் ஊர் என்ன பேசியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு பெண் குழந்தைகள், நல்ல வீடு, ஊரில் மரியாதை. நியூயார்க்கில் டிரினிட்டி தேவாலயம் கட்டியபோது, கல் தூக்கும் கயிறும் கப்பியும் கொடுத்து உதவினார். நாற்பது வயதில் ஒரு மனிதன் ஆசைப்படுவது எல்லாம் அவரிடம் இருந்தது. ஆனா கிட்டுக்கு அது போதவில்லை.

பார்ட்னர்கள்: பிரபுக்கள். பங்கு: ராஜாவுக்கும்!

1695-ல் அவர் லண்டன் போனார். ராயல் நேவியில் ஒரு பதவி வாங்குவதுதான் ஆசை என்பார்கள். கிடைத்தது வேறு ஒன்று.

அந்தச் சமயம் இந்தியப் பெருங்கடல் கொதித்துக்கொண்டிருந்தது. 1695 செப்டம்பரில் ஹென்றி எவ்ரி என்ற ஆங்கிலேயக் கொள்ளையர், ஔரங்கசீப்புக்குச் சொந்தமான 'கஞ்ச்-இ-சவாய்' கப்பலை மடக்கிக் கொள்ளையடித்திருந்தார். மக்கா யாத்திரை முடித்துத் திரும்பியவர்களை ஏற்றிவந்த கப்பல் அது. பேரரசர் கோபத்தின் விலையைக் கொடுத்தது கிழக்கிந்திய கம்பெனி. சூரத்தில் அதன் ஊழியர்கள் சிறைவைக்கப்பட்டார்கள், வியாபாரம் முடங்கியது.

இந்தப் பின்னணியில்தான் ஒரு பிசினஸ் திட்டம் உருவானது. கிட் ஒரு கப்பலில் போவார். கடற்கொள்ளையர்களைப் பிடிப்பார், எதிரி நாடான பிரான்ஸின் கப்பல்களையும் பிடிப்பார். கிடைப்பதை முதலீட்டாளர்கள் பிரித்துக்கொள்வார்கள்.

முதலீட்டாளர்கள் யார் தெரியுமா? நியூயார்க், மாசசூசெட்ஸ் பகுதிகளின் கவர்னராகப் போகவிருந்த பெல்லமான்ட் பிரபு முன்னால் நின்றார். பின்னால், பெயர் வெளியே வராமல், அன்றைய விக் கட்சியின் நான்கு பெரும்புள்ளிகள்: சாமர்ஸ், ஆர்ஃபர்ட், ராம்னி, ஷ்ரூஸ்பரி. மன்னர் மூன்றாம் வில்லியமுக்கும் 10 சதவீதப் பங்கு ஒதுக்கப்பட்டது.

கிட் கையில் இரண்டு அரசு உத்தரவுகள் இருந்தன. ஒன்று, பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடிக்க. இன்னொன்று, கொள்ளையர்களைப் பிடிக்க. அந்தக் காலத்தில் இது சட்டபூர்வமான தொழில். அரசின் காகிதம் இருந்தால் போர்வீரர், இல்லாவிட்டால் கொள்ளையர். கிட்டின் வாழ்க்கை முழுக்க இந்த ஒற்றைக் காகிதத்தில்தான் தொங்கியது.

கூலி இல்லை, பங்கு மட்டும்

கப்பல் பெயர் 'அட்வென்ச்சர் கேலி'. 34 பீரங்கிகள். காற்று இல்லாவிட்டாலும் ஓட்டுவதற்குத் துடுப்புகள். 1696-ல் புறப்படும்போதே முதல் அடி. கிட் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த மாலுமிகளில் பலரை ராயல் நேவி பறித்துக்கொண்டது. நியூயார்க்கில் புதிதாக ஆள் சேர்த்து, சுமார் 150 பேருடன் கிளம்பினார். இந்தப் புது ஆட்களில் பலர் பழைய கொள்ளையர்கள். மாதச் சம்பளம் கிடையாது. ஏதாவது பிடித்தால்தான் காசு, பிடிக்காவிட்டால் பட்டினி.

1697-ல் கொமோரோஸ் தீவுகளை அடைந்தபோது கொள்ளைநோய் தாக்கியது. ஆட்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கினர் செத்துப்போனார்கள். கப்பலோ ஒழுக ஆரம்பித்துவிட்டது. ஒரு வருஷம் ஆகியும் கையில் பைசா இல்லை.

அந்த ஆகஸ்ட்டில் செங்கடல் வாயிலில், மோக்கா துறைமுகத்திலிருந்து இந்தியா திரும்பும் யாத்திரைக் கப்பல் கூட்டத்தை கிட் நெருங்கினார். காவலுக்கு வந்த கம்பெனிக் கப்பல் பீரங்கியால் சுட்டதும் பின்வாங்கினார். பிரெஞ்சுக் கப்பலும் இல்லாத, கொள்ளையர் கப்பலும் இல்லாத அந்தக் கூட்டத்தின் பக்கம் அவருக்கு என்ன வேலை? இந்தக் கேள்விக்கு அவரது ஆதரவாளர்களிடம் இன்றுவரை நல்ல பதில் இல்லை.

அடுத்து மலபார் கரைப்பக்கம் ஒரு சிறு கப்பல் மாட்டியது. அதில் இருந்தவர்களைப் பணம் எங்கே என்று கேட்டு கிட்டின் ஆட்கள் அடித்தார்கள். கார்வாரிலும் கோழிக்கோட்டிலும் இருந்த கம்பெனி அதிகாரிகளின் காதுக்குச் செய்தி போனது. கொள்ளையரைப் பிடிக்க வந்தவரே கொள்ளையராகிவிட்டார் என்ற பேச்சு கரை முழுக்கப் பரவியது.

ஒரு வாளி, ஒரு கொலை

1697 அக்டோபர் 30. கப்பலில் இருந்த பீரங்கி வீரர் வில்லியம் மூருக்கும் கிட்டுக்கும் வாக்குவாதம். வழியில் வந்த ஒரு டச்சுக் கப்பலைப் பிடிக்க கிட் விடவில்லை என்ற ஆத்திரம் மாலுமிகளிடம் இருந்தது. எங்களையெல்லாம் நாசமாக்கியது நீதான் என்ற மாதிரி மூர் பேச, கிட் கையில் கிடைத்த இரும்புப் பட்டை போட்ட மரவாளியை எடுத்து அடித்தார். மண்டை உடைந்து மூர் மறுநாள் இறந்தார்.

கப்பலில் கலகம் செய்பவர்களைக் கேப்டன் கடுமையாகத் தண்டிப்பது அன்று சாதாரணம். இதனால் தனக்கு ஆபத்து வரும் என்று கிட் பெரிதாக யோசித்ததாகத் தெரியவில்லை. ஆனா அவர் கழுத்தில் முதலில் விழுந்த சுருக்கு இதுதான்.

கொச்சிக் கடலில் சிக்கிய கடாரத்துப் பெயர்

நவம்பரில் ஒரு சின்னக் கப்பல் சிக்கியது. அதன் கேப்டனிடம் பிரெஞ்சு பாஸ் இருந்தது. அதாவது, பிரான்ஸின் பாதுகாப்பில் போகிற கப்பல் என்பதற்கான அனுமதிச் சீட்டு. அதனால் அது சட்டப்படி கிட்டின் இரை.

பெரிய மீன் சிக்கியது 1698 ஜனவரி 30 அன்று. கொச்சிக்கு அருகே வங்காளத்திலிருந்து சூரத் நோக்கிப் போய்க்கொண்டிருந்த 'குவெடா மெர்ச்சன்ட்'. குவெடா என்பது இன்றைய மலேசியாவின் கெடா. ராஜேந்திர சோழன் கடாரம் கொண்டான் என்று பெயர் பெற்றானே, அதே கடாரம். கப்பல் நிறைய பட்டு, மஸ்லின், சர்க்கரை, இரும்பு, வெடியுப்பு, அபின். சரக்கை ஏற்றியவர்கள் ஆர்மீனிய வணிகர்கள். அதில் ஒரு பகுதி முகலாய அரசவையைச் சேர்ந்த பெரிய மனிதர் ஒருவருடையது. கேப்டன் ஓர் ஆங்கிலேயர்.

கிட் தன் கப்பலில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். அதை நம்பி எதிர்க் கப்பலும் பிரெஞ்சு பாஸை நீட்டியது. அவ்வளவுதான், பிடித்துவிட்டார். கேப்டன் ஆங்கிலேயர் என்று தெரிந்ததும் கப்பலை விட்டுவிடலாம் என்று கிட் சொன்னதாகவும், மாலுமிகள் மறுத்ததாகவும் ஒரு தரப்பு கூறுகிறது. சரக்கில் ஒரு பகுதியை அங்கேயே கரையில் விற்று ஆட்களுக்குப் பங்கு கொடுத்தார்.

அன்றைய கடல் வணிகர்கள் வழித்துணைக்காகப் பல நாட்டு பாஸ்களைக் கையில் வைத்திருப்பது சகஜம். எந்தக் கொடி தெரிகிறதோ அந்த நாட்டு பாஸைக் காட்டுவார்கள். ஆக, பாஸ் இருந்ததாலேயே கப்பல் பிரெஞ்சுக்குச் சொந்தமாகிவிடாது. சட்டப்படி இது நியாயமான பறிமுதலா, கொள்ளையா என்று இன்றும் வாதிடலாம். சூரத்தில் அப்படி வாதிட யாரும் தயாராக இல்லை. எவ்ரி சம்பவம் நடந்து மூன்றே வருஷத்தில் மறுபடியும் ஆங்கிலேயர் கைவரிசை. கம்பெனிக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டார். கிட்டைக் கொள்ளையர் என்று இங்கிலாந்து அறிவித்தது. கொள்ளையர்களுக்குப் பொது மன்னிப்பு கொடுத்தபோதும் எவ்ரியையும் கிட்டையும் மட்டும் பெயர் சொல்லி விலக்கியது.

மடகாஸ்கரில் பழைய எதிரி

இது எதுவும் தெரியாமல் கிட் 1698 ஏப்ரலில் மடகாஸ்கர் அருகே செயின்ட் மேரி தீவுக்குப் போனார். அங்கே நின்றுகொண்டிருந்தது கொள்ளையர் கப்பல். அதன் கேப்டன், எட்டு வருஷம் முன்பு அவர் கப்பலை ஓட்டிக்கொண்டு போன அதே கல்லிஃபோர்ட்!

கொள்ளையரைப் பிடிக்கத்தானே வந்தார், பிடித்தாரா? அவர் பிடிக்கச் சொன்னாராம், ஆட்கள் மறுத்துவிட்டார்களாம். மாலுமிகளில் பெரும்பாலோர் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு கல்லிஃபோர்ட் பக்கம் தாவினார்கள். கிட்டுடன் மிஞ்சியவர்கள் ஒரு சிலரே. ஓட்டையாகிப்போன 'அட்வென்ச்சர் கேலி'யை அங்கேயே கைவிட்டு, பிடித்த இந்தியச் சரக்குக் கப்பலிலேயே ஊர் திரும்பினார்.

புதையல் கணக்குப் போடுபவர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் இடம் இதுதான். செல்வத்தில் கணிசமான பகுதி மடகாஸ்கரிலேயே பல கைகளுக்குப் பிரிந்து போய்விட்டது.

ஊர் அறியப் புதைத்த புதையல்

1699 ஏப்ரலில் கரீபியனில் அங்குவில்லா தீவைத் தொட்டபோதுதான், தான் தேடப்படும் குற்றவாளி என்பது கிட்டுக்குத் தெரிந்தது. பெரிய கப்பலை ஹிஸ்பானியோலா தீவுப்பக்கம் மறைத்து நிறுத்திவிட்டு, ஒரு சிறு கப்பலை வாங்கி நியூயார்க் நோக்கிப் புறப்பட்டார். நம்பிக்கை ஒன்றே ஒன்று: பார்ட்னர் பெல்லமான்ட் காப்பாற்றுவார்.

நேராகப் போகாமல் லாங் தீவின் கிழக்கு முனையில் இருக்கும் கார்டினர்ஸ் தீவில் நின்றார். அது ஜான் கார்டினர் என்பவருக்குச் சொந்தமான தீவு. 1699 ஜூனில், அவருக்குத் தெரிந்தே, அவர் அனுமதியோடு, தங்கமும் வெள்ளியும் நவரத்தினங்களும் அடங்கிய பெட்டியையும் மூட்டைகளையும் அங்கே புதைத்தார். நள்ளிரவும் இல்லை, ரகசிய வரைபடமும் இல்லை. பேரம் பேசக் கையில் ஏதாவது இருக்கட்டும் என்ற கணக்குதான்.

இதற்கிடையே பெல்லமான்ட் நம்பிக்கை கொடுத்துக் கடிதம் எழுதினார். கிட் தன்னிடமிருந்த இரண்டு பிரெஞ்சு பாஸ்களையும் அவருக்கு அனுப்பிவைத்தார். பிறகு பாஸ்டனுக்கு வந்தார். ஜூலை 6 அன்று கைது. கைது செய்யச் சொன்னவர் அதே பெல்லமான்ட்.

புதைத்த சில வாரங்களிலேயே கார்டினர் எல்லாவற்றையும் தோண்டி எடுத்து அரசிடம் ஒப்படைத்தார். கிட்டுடன் தொடர்புடையதாகப் பல இடங்களிலும் மீட்ட மொத்தப் பொருள்களுக்கும் பட்டியல் போட்டார்கள்: தங்கம் 1,111 அவுன்ஸ், வெள்ளி 2,353 அவுன்ஸ், கூடவே ரத்தினக் கற்கள், 57 மூட்டை சர்க்கரை, 41 பொதி துணி. இன்றைய கணக்கில் தங்கம் சுமார் 34 கிலோ, வெள்ளி சுமார் 73 கிலோ.

காணாமல் போன இரண்டு காகிதங்கள்

கிட்டை லண்டனுக்குக் கொண்டுபோய் நியூகேட் சிறையில் ஓர் ஆண்டுக்கு மேல் அடைத்து வைத்தார்கள். அதற்குள் வழக்கு முழு அரசியலாகிவிட்டது. டோரி கட்சிக்கு, விக் தலைவர்கள் கொள்ளைக்குப் பணம் போட்டார்கள் என்று நிரூபிக்க வேண்டும். 1701 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் கிட்டை நிறுத்தி விசாரித்தார்கள். அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. விளைவு, டோரிகளுக்கு அவரால் பயன் இல்லை. விக் கட்சிக்கோ அவர் இல்லாமல் போவதுதான் நிம்மதி. பெல்லமான்ட் அதே மாதம் நியூயார்க்கில் இறந்துவிட்டார்.

மே 8, 9 தேதிகளில் விசாரணை. முதலில் மூரைக் கொன்ற வழக்கு, பிறகு கொள்ளை வழக்குகள். அவருடைய ஆட்கள் இருவரே மன்னிப்புக்காக அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னார்கள். பிரெஞ்சு பாஸ்களைக் கொண்டுவாருங்கள் என்று கிட் திரும்பத் திரும்பக் கேட்டார். நாடாளுமன்றம் வரை வந்திருந்த அந்தக் காகிதங்கள் நீதிமன்றத்தில் மட்டும் கிடைக்கவில்லை. எல்லா வழக்குகளிலும் குற்றவாளி என்று தீர்ப்பு.

இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்த பாஸ்கள் லண்டன் அரசு ஆவணக் காப்பகத்தில் கிடைத்தன. அவை இருந்திருந்தால் கிட் தப்பித்திருப்பாரா? கொள்ளை வழக்கு கண்டிப்பாகப் பலவீனமாகியிருக்கும். ஆனா கொலை வழக்குக்கும் பாஸுக்கும் சம்பந்தமில்லை. அந்த ஒன்றே தூக்குக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு லட்சம் பவுண்டு கடிதம்

தீர்ப்புக்குப் பிறகு சிறையிலிருந்து கிட் ஒரு கடிதம் எழுதினார். நாடாளுமன்ற சபாநாயகர் ராபர்ட் ஹார்லிக்கு. ஒரு லட்சம் பவுண்டு மதிப்புள்ள செல்வத்தை வெளிநாட்டில் விட்டு வந்திருப்பதாகவும், தன்னைக் கைதியாகவே கப்பலில் அழைத்துப்போனால் காட்டுவதாகவும் அதில் சொல்லியிருந்தார்.

உயிர் பிழைக்க ஒரு மனிதன் போட்ட கடைசி பேரம் அது. அரசு ஏற்கவில்லை. மே 23 அன்று தேம்ஸ் நதிக்கரையில் வாப்பிங் பகுதியில் தூக்கு. முதல் தடவை கயிறு அறுந்து கீழே விழுந்தார். எழுப்பி மறுபடியும் தூக்கிலிட்டார்கள். உடலைத் தாரில் நனைத்து, இரும்புக் கூண்டில் மாட்டி, டில்பரி முனையில் பல ஆண்டுகள் தொங்கவிட்டார்கள். வருகிற போகிற மாலுமிகள் பார்த்துப் பயப்பட வேண்டுமாம்.

பயம் வந்ததோ இல்லையோ, ஆசை வந்தது. சாகப்போகிறவர் ஒரு லட்சம் பவுண்டு இருக்கிறது என்றார், கிடைத்ததோ கொஞ்சம்தான். மீதி எங்கே? இந்த ஒரு கேள்வி போதாதா!

கதை வளர்ந்த கதை

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கிட் புதையல் கதை இல்லாத ஊர் குறைவு. நியூஜெர்சி, கனெக்டிகட், மெய்ன், ஹட்சன் ஆற்றங்கரை என அவர் போகாத இடங்களில்கூட கதைகள் முளைத்தன. நம்ம ஊரில் புதையலைப் பூதம் காக்கும், நாகம் காக்கும் என்பார்கள் இல்லையா, அங்கேயும் அப்படித்தான். புதைத்த இடத்திலேயே ஒரு மாலுமியைக் கொன்று போட்டிருப்பார்கள், அவன் ஆவி காவல் காக்கும். நள்ளிரவில்தான் தோண்ட வேண்டும். ஒரு வார்த்தை பேசிவிட்டால் பெட்டி மண்ணுக்குள் இறங்கிவிடும்!

எழுத்தாளர்களும் சும்மா இருக்கவில்லை. எட்கர் ஆலன் போ 1843-ல் வெளியிட்ட 'தி கோல்டு பக்' கதையில் வருவது கிட் புதையல். 1883-ல் புத்தகமாக வந்த ஸ்டீவன்சனின் 'ட்ரெஷர் ஐலேண்ட்' புதையல் வரைபடத்தை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது.

கதையோடு போயிருந்தால் பரவாயில்லை. கனடாவின் ஓக் தீவில் கிட் புதையல் இருப்பதாக நம்பி 1795 வாக்கில் தோண்ட ஆரம்பித்ததாகச் சொல்வார்கள். அந்தக் குழியைச் சுற்றி இதுவரை ஆறு பேர் செத்திருக்கிறார்கள். 1965-ல் ஒரே நாளில் நான்கு பேர். 1983-ல் கிட் புதையலைத் தேடி வியட்நாம் தீவுப்பக்கம் போன இரண்டு வெளிநாட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். 2015-ல் மடகாஸ்கரின் செயின்ட் மேரியில் கிட்டின் 50 கிலோ வெள்ளிக்கட்டி கிடைத்துவிட்டதாக உலகமெங்கும் பிரேக்கிங் நியூஸ். யுனெஸ்கோ நிபுணர்கள் சோதித்தார்கள். 95 சதவீதம் ஈயம்!

அப்போ பணம் எங்கே போச்சு?

ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தால் மர்மம் பெரிதாக மிஞ்சுவதில்லை.

* ஒரு பகுதி சரக்கு மலபார் கரையிலேயே விற்கப்பட்டது.
* பெரும்பங்கு மடகாஸ்கரில் பிரிந்த மாலுமிகளோடு போனது.
* கரீபியனில் விட்டுவந்த கப்பலை, காவலுக்கு வைத்த ஆட்களே சூறையாடிவிட்டு எரித்துவிட்டார்கள்.
* கார்டினர்ஸ் தீவில் புதைத்ததும் மற்ற இடங்களில் பிடிபட்டதும் அரசு கைக்குப் போயின. ஏலத்தில் கிடைத்தது 6,400 பவுண்டுக்கு மேல். அந்தப் பணம் ஆங்கிலேய மாலுமிகளுக்கான கிரீன்விச் மருத்துவமனைக்குப் போனது.

அதாவது, கொச்சிக் கடலில் பறிபோன சரக்கின் ஒரு துண்டு, லண்டனில் ஒரு கட்டடமாக முடிந்தது.

எரிந்த 'குவெடா மெர்ச்சன்ட்' கப்பலின் மிச்சம் 2007-ல் கிடைத்தது. டொமினிகன் குடியரசின் காட்டலினா தீவுக்கு அருகே, மூன்று மீட்டர் ஆழம்கூட இல்லாத தண்ணீரில், இருபதுக்கும் மேற்பட்ட பீரங்கிகள் குவிந்து கிடந்தன. இந்தியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து இது அந்தக் கப்பல்தான் என்றார்கள். இப்போது அது கடலடி அருங்காட்சியகம். முகமூடி மாட்டிக்கொண்டு குதித்தால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

முந்நூறு வருஷமாக எத்தனையோ தீவுகளைத் தோண்டியவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் மண்ணும் ஈயமும். கிட்டுக்கு உண்மையிலேயே தேவைப்பட்ட பொருளோ எந்தத் தீவிலும் இல்லை. லண்டனில், நீதிமன்றம் இருந்த அதே ஊரில், அரசு ஆவணங்களுக்கு நடுவே இரண்டு காகிதங்களாக அது கிடந்தது. அவர் உயிரோடு இருந்தபோது மட்டும் யாருக்கும் அது கண்ணில் படவில்லை.